பார்ட்ஸுக்குக் காசு இருக்கு, பிழையைத் தேடுவதற்குக் காசு இல்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்கிவிட்டதால் இப்போதே எழுதுகிறோம். வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வேனில் அனுப்புகிற பெற்றோரும் நேரம் எடுத்துக் கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வேனில் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் பாடசாலைக்குப் போய் வருகிறோம். வழியில் நாலைந்து பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள். வேன் பழையது. ஓட்டுகிற காக்கா நல்ல அனுபவசாலி, நிதானமான மனிதர்.

போன மாரியில் அந்த வேனின் வைப்பருக்கு ஒரு வருத்தம் பிடித்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிற்பாட்டினால்தான் பிரச்சினை. கண்ணாடியின் அடியில் போய்ப் படுக்க வேண்டிய வைப்பர், சுவிட்சை மூடுகிற நேரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். சில நேரம் காக்காவின் கண்ணுக்கு நேரே குறுக்காக நிற்கும்.

காக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பிளேட் கீழே வருகிற நேரம் பார்த்து டக்கென்று சுவிட்சை மூடுவார். "கை பழகிட்டு சேர், பிரச்சினை இல்ல" என்பார். நாங்களும் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டோம். முன்சீட்டில் இருக்கும் டீச்சர் "இப்ப இல்ல காக்கா... ஆ, இப்ப!" என்று நேரம் சொல்லிக் கொடுப்பார். எல்லோரும் சிரிப்போம்.

ஒரு நாள் காலை, திருக்கோவில் தாண்டிக் கோமாரிக்குப் போகிற வழி. மழை விட்டிருந்தது. காக்கா வைப்பரை மூடப் போனார். அவருடைய கண் பிளேட்டில் இருந்தது. ரோட்டில் மாடு ஏறியது. பிரேக் அடித்த அடியில் பின்னாலிருந்த புத்தகப் பைகள் எல்லாம் எங்கள் காலடியில் வந்து விழுந்தன. ஒரு பிள்ளையின் நெற்றி முன்சீட்டில் இடித்து வீங்கியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அன்று முழுக்க எங்களில் ஒருவருக்கும் ஒழுங்காகப் படிப்பிக்க முடியவில்லை. பிழை மாட்டிலும் இல்லை, காக்காவிலும் இல்லை. ஒரு பழுதைப் பழக்கமாக்கிக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்த எங்களில்தான் பிழை. பெற்றோர் எங்களை நம்பி ஏற்றிவிடுகிற பிள்ளைகள் எங்களுக்கு அமானிதம். அதை நாங்கள் ஒரு வைப்பர் சுவிட்சில் வைத்து விளையாடியிருக்கிறோம்.

அடுத்த நாளே வேன் கராஜுக்குப் போனது. அங்கே மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். கம்பியில் 12 வோல்ட் காட்டியது. "கரண்ட் வருது, அப்ப மோட்டர்தான் போயிட்டு" என்றார்கள். பழைய சாமான் கடையில் ஒரு மோட்டர் வாங்கிப் பூட்டினார்கள். கூலியோடு 18,500 ரூபா. காக்காவால் தனியே ஏலாது என்று நாங்களும் பங்கு போட்டுக் கொடுத்தோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புது மோட்டர் போட்டதும் வைப்பர் தானாகப் போய் நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்துக்கு நாலு விரல் மேலே. ஒவ்வொரு முறையும் அதே நாலு விரல். "பரவாயில்ல" என்று விட்டோம். மூன்றாம் நாள் ஒரு பெருமழை பெய்தது. அன்று பின்நேரம் வைப்பர் பழையபடி கண்ணாடியின் நடுவில் நின்றது.

பிறகுதான் வாகன வயரிங் வேலை செய்கிற தம்பி ஒருவரிடம் போனோம். எங்கள் பாடசாலையில் படித்தவர்தான். அவர் ஸ்பெனரைத் தூக்கவில்லை, முதலில் கேள்வி கேட்டார்.

"சுவிட்சை மூடின உடனே நிக்குதா, இல்ல கொஞ்சம் ஓடி நிக்குதா சேர்?"

"எல்லா நாளும் ஒரே இடத்திலயா, வேற வேற இடத்திலயா?"

"ரெண்டு பக்கமும் சேர்ந்து பிழைக்குதா, ஒரு பக்கம் மட்டுமா?"

"இது தொடங்க முதல் என்ன வேலை செய்தீங்க? கண்ணாடி மாத்தினீங்களா, பெயின்ட் அடிச்சீங்களா?"

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. பிள்ளையின் கணக்குப் பிழைத்தால் விடையை வெட்டிவிட்டுச் சரியான விடையை எழுதிக் கொடுக்காதே, எந்தப் படியில் பிழைத்தது என்று பார். நாங்கள் வகுப்பில் தினமும் செய்ய வேண்டிய வேலையை இந்தத் தம்பி கராஜில் செய்துகொண்டிருந்தார்.

அவர் கேட்ட கேள்விகளுக்கு அர்த்தம் விளங்க வேண்டுமென்றால், வைப்பர் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். அவர் சொன்னதையும் எங்களுக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையும் சேர்த்து எழுதுகிறோம்.

வைப்பர் போய்ப் போய் வருகிறதே தவிர, பெரும்பாலான வாகனங்களில் உள்ளே இருக்கிற மோட்டர் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது. அந்தச் சுற்றை இடமும் வலமுமான அசைவாக மாற்றுவது லிங்க் கம்பிகள். நாம் சுவிட்சை மூடினாலும் மோட்டர் உடனே நிற்பதில்லை. இன்னொரு வழியால் அதற்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். மோட்டரின் கியர் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு செப்புத் தகடு சுற்றும், அதில் ஓர் இடத்தில் வெட்டு இருக்கும். பிளேட் அடிக்கு வரும் நேரம் அந்த வெட்டும் வந்து, கரண்ட் அறும். அதே நேரம் மோட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று இணையும். வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டர் அந்தக் கணத்தில் டைனமோ மாதிரித் தானே கரண்ட் உண்டாக்கும், அந்தக் கரண்ட் மோட்டரையே பிடித்து நிறுத்தும். பதினோராம் தரத்தில் மின்காந்தத் தூண்டல் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதிப் படிப்பிப்பது இதைத்தான். 1903 இல் அமெரிக்காவில் மேரி அன்டர்சன் என்ற பெண் காப்புரிமை பெற்ற கண்ணாடி துடைப்பான் உள்ளேயிருந்து கையால் அசைக்கும் ஒரு நெம்பினால் வேலை செய்தது. கையால் அசைக்கிற காலத்தில் எங்கே நிற்பது என்பது கையின் வேலை. மோட்டர் வந்த பிறகு அதை மோட்டரே அறிந்து நிற்க வேண்டியதாயிற்று.

ஆகவே வைப்பர் பிழையான இடத்தில் நிற்பது பல வகை. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு காரணத்தைக் காட்டும்.

1. வைப்பர் ஓடும்போதே எஞ்சின் திறப்பை மூடினால் பல வாகனங்களில் அது நடுவில் நிற்கும். அது பழுது இல்லை, கரண்ட் அறுந்ததுதான். முதலில் வைப்பர் சுவிட்சை மூடி, அது படுத்த பிறகு திறப்பை மூடிப் பாருங்கள். சில புது வாகனங்களில் பிளேட் மாற்றுவதற்கென்றே வைப்பரை மேலே நிறுத்தும் ஒரு முறையும் உண்டு. தெரியாமல் லீவரைத் தட்டிவிட்டுப் பழுது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

2. சுவிட்சை மூடிய கணமே நின்ற இடத்தில் நின்றால், நிற்குமிடம் வரை மோட்டரை ஓட்டுகிற அந்த இரண்டாவது கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். பியூஸ், கம்பி, கப்ளர், மோட்டருக்குள் இருக்கும் தகடு, ரிலே, ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

3. மூடியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், தகட்டைத் தொடும் முள் வளைந்திருக்கலாம், அல்லது ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

4. நிற்குமிடத்தைக் கொஞ்சம் தாண்டி, ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் நின்றால், பிடித்து நிறுத்துகிற வேலை நடக்கவில்லை. எர்த் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. எல்லா முறையும் அச்சொட்டாக ஒரே பிழையான இடத்தில் நின்றால், மோட்டர் பெரும்பாலும் சரி. வைப்பர் கையைத் தண்டில் பூட்டிய இடம் பிழை. கண்ணாடி மாற்றிய பிறகு, பெயின்ட் வேலைக்குப் பிறகு, மோட்டர் மாற்றிய பிறகு இப்படி வரும்.

6. ஒரு பக்கம் மட்டும் பிழைத்தால் மோட்டரைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான வாகனங்களில் இரண்டு பக்கத்தையும் ஓட்டுவது ஒரே மோட்டர்தானே. அந்தப் பக்கத்து நட் தளர்ந்திருக்கும், தண்டின் பற்கள் தேய்ந்திருக்கும், அல்லது லிங்க் கம்பியின் பிளாஸ்டிக் மூட்டு கழன்றிருக்கும்.

7. மெதுவாக இழுத்து இழுத்து ஓடி, சோர்ந்துபோய் நின்றால், தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கலாம். லிங்க் கம்பியை மோட்டரிலிருந்து கழற்றிவிட்டு மோட்டரைத் தனியே ஓட்டிப் பார்த்தால் குற்றம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வேனில் இருந்தது இரண்டாவது வகை. கராஜ் வேலைக்குப் பிறகு ஐந்தாவது வகையும் சேர்ந்துகொண்டது.

தம்பி வைப்பரை நடுவில் நிற்கவைத்து, சுவிட்சை மூடி, திறப்பைப் போட்டபடியே வைத்தார். மோட்டருக்கு வரும் அந்த இரண்டாவது கம்பியில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் காட்டியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கராஜில் சொன்னது சரிதான் போல. அவர் சிரித்துவிட்டு மீட்டரை வைத்துவிட்டு, இரண்டு கம்பி பூட்டிய ஒரு சின்ன பல்பை எடுத்து அதே இடத்தில் வைத்தார். பல்பு எரியவில்லை.

"மீட்டர் கரண்ட் குடிக்காது சேர். அதுக்கு ஒரு மயிரிழை கம்பி தொட்டுக்கொண்டிருந்தாலும் 12 காட்டும். பல்புக்கும் மோட்டருக்கும் அப்படி ஏலாது."

கப்ளரைக் கழற்றினார். ஒரு பின் பச்சை பூத்து, அதற்குப் போகிற கம்பி அரித்து, இரண்டு மூன்று இழைகள்தான் மிச்சம். கராஜில் மோட்டர் மாற்றும்போது கப்ளரைக் கழற்றிப் பூட்டியதில் அது கொஞ்சம் தொட்டிருக்கிறது, மூன்று நாள் வேலை செய்திருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டை வேப்பிலையால் அடைபட்டிருந்தது. வேன் வேப்பமரத்தின் கீழ்தான் நிற்கும். தண்ணீர் வழிந்து நேரே கப்ளரில் விழுந்திருக்கிறது.

கம்பியை வெட்டிப் புதுப் பின் போட்டார். இலைகளைக் கையால் அள்ளினார். பிறகு வைப்பர் கைகள் இரண்டையும் கழற்றி, மோட்டரை வெறுமனே ஓட்டி, சுவிட்சை மூடி, அது தானாக நிற்கும்வரை விட்டார். அதன் பிறகுதான் தண்டின் பற்களைக் கம்பித் தூரிகையால் சுத்தப்படுத்தி, கைகளை உரிய இடத்தில் வைத்து நட்டை இறுக்கினார். மோட்டர் தன் இடத்தில் நிற்க முதல் கையைப் பூட்டினால் அது எப்போதும் பிழையாகவே நிற்கும். அந்த நாலு விரல் அப்படி வந்ததுதான்.

"பழைய மோட்டர் எங்க?" என்று கேட்டார். நல்ல காலம், பின்சீட்டுக்குக் கீழே கிடந்தது. தரையில் வைத்துப் பெட்டரியில் கொடுத்து ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அழகாக நின்றது. நாங்கள் 18,500 ரூபா கொடுத்து மாற்றியது ஒரு குறையும் இல்லாத மோட்டரை.

இனித்தான் நாங்கள் வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டிய இடம். தம்பி 2,500 ரூபா கேட்டார். எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், "ஒரு துண்டுக் கம்பிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறா தம்பி?" என்றார். மற்ற நாலு பேரும் அதைத் தடுக்கவில்லை. வேலை இல்லாத ஒரு மோட்டருக்கு வாய் திறக்காமல் கொடுத்தவர்கள் நாங்கள். பிழையைக் கண்டுபிடித்துத் தந்தவரிடம் பேரம் பேசினோம்.

இதுதான் எங்கள் ஊர்களில் இருக்கிற வருத்தம். கையில் ஒரு சாமானைக் காட்டினால் காசு கொடுப்போம். யோசித்துப் பார்த்ததற்குக் காசு கேட்டால் "சும்மா பார்த்ததுக்கா?" என்போம். அப்படியென்றால் கராஜ்காரர் என்ன செய்வார்? அரை மணித்தியாலம் கம்பி கம்பியாகத் தேடினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. மோட்டரை மாற்றினால் கூலி கிடைக்கும். நாமும் "கெதியா முடிச்சுத் தாங்க, பிள்ளைகளை ஏத்தப் போகணும்" என்று தலைக்கு மேலே நிற்போம். அவரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. சாமானை மாற்றச் சொல்லிப் பழக்கியது நாம்.

இந்த நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு விலை அதிகம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025 இல். இத்தனை வருடம் பழைய வாகனங்களையே ஓட்டி வந்திருக்கிறோம். பழைய சாமான் கடையில் வாங்கும் மோட்டரை "கரண்ட் சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று சொல்லித்தான் தருவார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வேறு மொடலின் மோட்டர் வேறு கோணத்தில் நிற்கும். பிழையை அறியாமல் மாற்றினால் ஒரு பழுது இரண்டாகும், எங்களுக்கு ஆனது போல.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

வாகனம் வைத்திருப்பவர்களே, மோட்டர் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படிப் பார்த்தீங்க பாஸ்?" பார்த்ததற்கு வேறாகக் காசு தருகிறேன் என்று முதலே சொல்லுங்கள். கழற்றிய சாமானைக் கையில் வாங்குங்கள். வீட்டில் நீங்களே பார்ப்பதென்றால் கண்ணாடியை நனைத்துவிட்டு ஓட்டுங்கள், காய்ந்த கண்ணாடியில் ஓட்டாதீர்கள். லிங்க் கம்பிப் பக்கம் கையை விட முதல் பெட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள், அது விரலை நசுக்கும். பிளேட் கழற்றிய கையைத் தூக்கிவைத்தால் கண்ணாடியில் தடித்த துணி போடுங்கள், கை தவறி அடித்தால் கண்ணாடி வெடிக்கும். புது வாகனங்கள் சிலவற்றில் இதையெல்லாம் கணினிப் பெட்டி கட்டுப்படுத்துகிறது, அதற்கு ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

வேன் ஓட்டுகிற காக்காமாரே, "கை பழகிட்டு" என்று சொல்லாதீர்கள். கை பழகுகிற ஒவ்வொரு பழுதும் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கிறது. சாரதி ரோட்டைப் பார்க்கத்தான் வைப்பர் இருக்கிறது. சாரதி வைப்பரைப் பார்க்கிற நிலைமை வந்தால் அது இருந்தும் பயனில்லை.

பெற்றோரே, பிள்ளை ஏறும்போது ஒரு தடவை முன் கண்ணாடியைப் பாருங்கள். வைப்பர் குறுக்கே நின்றால் சொல்லுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம். திருத்துவதற்குப் பணம் இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து போடுங்கள். உங்கள் பிள்ளைதான் அந்த வேனில் போகிறது.

எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒன்று. கராஜில் வேலை செய்கிற பிள்ளையை "படிப்பு ஏறல்ல, அதான் கராஜுக்குப் போனான்" என்று கதைப்பதை நாம் முதலில் நிற்பாட்டுவோம். மீட்டரில் 12 வோல்ட் இருந்தும் பல்பு ஏன் எரியவில்லை என்று விளங்கிய அந்தத் தம்பி, நாங்கள் வருடாவருடம் பாடமாக்கிக் கொடுக்கிற விஞ்ஞானத்தை எங்களை விட நன்றாக விளங்கியவர்.

அந்த 2,500 ரூபாவை முழுதாகக் கொடுத்தோம். பேரம் பேசியவரே தன் பங்கை முதலில் எடுத்து வைத்தார். பழைய மோட்டர் இப்போது எங்கள் விஞ்ஞான அறை மேசையில் இருக்கிறது. மேல் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் செப்புத் தகட்டில் இருக்கும் வெட்டைத் தொட்டுப் பார்த்து, பெட்டரியில் கொடுத்து, அது தன் இடத்தில் வந்து நிற்கும்போது கை தட்டுகிறார்கள்.

இன்றைக்கே உங்கள் வாகனத்தின் வைப்பரைப் போட்டு, மூடி, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே இலை இருந்தால் அள்ளி எறியுங்கள். வேன் ஓட்டுகிற சொந்தக்காரர் ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

அல்லாஹ் இந்த மாரியில் எல்லோருடைய பயணத்தையும் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.